நவீன வாகனங்களும் பின்தங்கி நிற்கும் விதிமுறைகளும்

எல்லா விடயங்களிலும் எதிரும் புதிருமாக நிற்கும் அமெரிக்காவின் இரு பிரதான கட்சிகளும் ஒரே சட்டமூலத்தின் பின்னால் அணிதிரள்வது அண்மைக்காலத்தில் அபூர்வமாகவே நிகழ்கின்றது. 2023 ஆம் ஆண்டு மே மாதத்தில் அவ்வாறானதொரு காட்சியை வாஷிங்டனில் காண முடிந்தது. ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த செனட்டர் எட் மார்க்கியும் குடியரசுக் கட்சியைச் சேர்ந்த செனட்டர் டெட் குரூஸும் கூட்டாக முன்வைத்த அந்தச் சட்டமூலம், விற்பனைக்கு வரும் ஒவ்வொரு புதிய மோட்டார் வாகனத்திலும் ஏ.எம். எனப்படும் மத்திய அலை வானொலி வாங்கி மேலதிகக் கட்டணமின்றிப் பொருத்தப்பட்டிருக்க வேண்டுமென வலியுறுத்தியது. அந்தக் காங்கிரஸின் பதவிக்காலத்துக்குள் அது நிறைவேறவில்லை. 2025 ஜனவரியில் செனட் சபையில் மீண்டும் சமர்ப்பிக்கப்பட்டது.

செய்மதி வானொலியும் கைத்தொலைபேசியும் மலிந்துவிட்ட நாடொன்றில், நூறு வருடப் பழைமை கொண்ட ஒலிபரப்பு முறையைக் காப்பாற்றுவதற்குச் சட்டம் இயற்ற வேண்டிய அவசியம் என்ன என்ற கேள்வி எழுவது இயல்பானதே. அதற்கான பதிலைத் தேடி நாம் மின்சாரக் கார்களின் பொனற்றைத் திறந்து பார்க்க வேண்டியுள்ளது.

2022 டிசெம்பரில் செனட்டர் மார்க்கி 20 கார் உற்பத்தியாளர்களுக்குக் கடிதம் அனுப்பி விளக்கம் கோரியிருந்தார். கிடைத்த பதில்களின்படி பி.எம்.டபிள்யூ, ஃபோர்ட், மஸ்டா, போல்ஸ்டார், ரிவியன், டெஸ்லா, வொக்ஸ்வாகன், வொல்வோ ஆகிய எட்டு நிறுவனங்கள் தமது மின்சார வாகனங்களிலிருந்து ஏ.எம். வானொலியை அகற்றியிருந்தன. வாகனத்தின் மின் மோட்டரும் அதனை இயக்கும் இலத்திரனியல் சாதனங்களும் எழுப்பும் மின்காந்த இரைச்சல், ஒலிபரப்பைக் கேட்க முடியாதவாறு மூழ்கடித்துவிடுகின்றது என்பதே பரவலாகக் கூறப்பட்ட காரணமாகும். அமெரிக்காவின் தேசிய அவசரகால அறிவிப்பு முறைமையின் அடித்தளமாக விளங்கும் 77 வானொலி நிலையங்கள் அந்நாட்டு மக்களில் சுமார் 90 சதவீதத்தினரைச் சென்றடையக் கூடியவை. அவற்றில் கணிசமானவை ஏ.எம். நிலையங்களாகும். சூறாவளியின்போது கைத்தொலைபேசிக் கோபுரங்கள் சரிந்தால் எஞ்சியிருப்பது அந்த வானொலியே எனச் சுட்டிக்காட்டி, அந்நாட்டு அவசரகால முகாமைத்துவ முகவரகத்தின் முன்னாள் தலைவர்கள் எழுவர் 2023 பெப்ரவரியில் அரசாங்கத்துக்குக் கடிதம் எழுதினர். எதிர்ப்பு வலுத்ததை அடுத்து, ஃபோர்ட் நிறுவனம் அதே ஆண்டு மே மாதத்தில் தனது தீர்மானத்தை மாற்றிக்கொண்டது.

வானொலியைப் பற்றிய இந்த விவாதத்தில் அதிகம் பேசப்படாத ஒரு விடயம் உண்டு. சட்டமூலத்தின் கவனம் வானொலி வாங்கியின் மீதே குவிந்திருக்கின்றது. ஆனால் பிரச்சினையின் ஊற்றுக்கண் வாகனம் வெளியிடும் இரைச்சலாகும். வானொலி வாங்கியைப் பொருத்துமாறு கட்டளையிட்டுவிட்டு, அந்த வாங்கி எதனையாவது கேட்கக்கூடிய அளவுக்கு வாகனம் அமைதியாக இருக்க வேண்டுமெனக் கூறாமல் விடுவது அரைகுறை வேலையாகும். அதைவிட முக்கியமான கேள்வியும் இங்கே இருக்கின்றது. தனது சொந்த வானொலியையே கேட்க விடாத அளவுக்கு இரைச்சலிடும் இயந்திரமொன்று வீதிக்கு வரும்வரை விதிமுறைகள் என்ன செய்துகொண்டிருந்தன?

இது பொறியியலாளர்களின் விடயம், பத்திரிகை ஆசிரியர்களுக்கு இதில் என்ன வேலை என வாசகர்கள் கேட்கக்கூடும். கலைப்பீடத்தில் பயின்ற எமக்கு டெசிபல் கணக்கு இலகுவில் பிடிபடுவதில்லை என்பதை ஒப்புக்கொள்கின்றோம். ஆயினும் பிரேக்கும் சுக்கானும் கம்பிவழிச் சமிக்ஞைகளால் இயங்கத் தொடங்கிவிட்ட காலத்தில், அந்தச் சமிக்ஞைகளின் நம்பகத்தன்மை வீதியில் செல்லும் அனைவரதும் பிரச்சினையாகிவிட்டது.

மின்காந்த இணக்கம் என நிபுணர்கள் கூறுவது இரு பக்கங்களைக் கொண்டது. ஒரு மின்சாதனம் தனது சுற்றாடலிலுள்ள ஏனைய சாதனங்களைக் குழப்பும் அளவுக்கு அலைகளை வெளிவிடக் கூடாது என்பது ஒன்று. சுற்றாடலில் இருந்து வரும் அலைகளால் தானும் குழம்பிவிடக் கூடாது என்பது மற்றையது. ஒரே மண்டபத்தில் பல கூட்டங்கள் நடைபெறும்போது எவரும் கூச்சலிடக் கூடாது, அதேவேளை பக்கத்திலுள்ளவர் சற்று உரக்கப் பேசினாலும் தமது கருமத்தைத் தவறவிடக் கூடாது என்பது போன்றதே இது. கைத்தொலைபேசிக் கதிர்வீச்சு உடல்நலத்தைப் பாதிக்குமா என்ற வாதத்துடன் இதனைக் குழப்பிக்கொள்ளலாகாது. அது வேறு துறை, வேறு விதிகள்.

இந்த விதிகள் பிறந்த கதையை அறிந்தால்தான் இன்றைய குறைபாடு எங்கிருந்து வந்தது என்பது விளங்கும். 1880களின் பிற்பகுதியில் ஜேர்மன் விஞ்ஞானி ஹைன்ரிச் ஹேர்ட்ஸ் வானொலி அலைகளின் இருப்பை நிரூபிப்பதற்குப் பயன்படுத்தியது மின் தீப்பொறியையாகும். பெற்றோல் இயந்திரத்தின் ஸ்பார்க் பிளக்கும் அதே வேலையைத்தான் ஒவ்வொரு செக்கனிலும் பல தடவைகள் செய்கின்றது. எனவே வீதியில் ஓடிய ஒவ்வொரு காரும் தன்னை அறியாமலே ஒரு சிறிய வானொலி பரப்பியாக இருந்தது. வானொலிக் குறுக்கீட்டைக் கட்டுப்படுத்துவதற்கான சர்வதேச விசேட குழுவான சிஸ்பர் 1934 ஆம் ஆண்டில் பணிகளை ஆரம்பித்தது. பிரிட்டனில் தொலைக்காட்சி பரவத் தொடங்கியபோது, வீட்டு வாசலால் கார் ஒன்று சென்றாலே திரையில் வெண்புள்ளிகள் சிதறின. அதனைத் தடுக்க 1952 இல் அந்நாடு தனியான ஒழுங்குவிதிகளைப் பிறப்பித்தது. ஐ.நா.வின் ஐரோப்பாவுக்கான பொருளாதார ஆணைக்குழுவின் கீழ் 10 ஆம் இலக்க ஒழுங்குவிதி 1969 ஏப்ரல் மாதத்தில் நடைமுறைக்கு வந்தது. ஐரோப்பிய சமூகம் 1972 இல் தனது பணிப்புரையை வெளியிட்டது.

இந்த விதிகள் அனைத்தும் அயலவரைப் பாதுகாக்கும் நோக்கிலேயே எழுதப்பட்டன என்பது இங்கு கவனிக்கத்தக்கது. பத்து மீற்றர் தூரத்தில் வீட்டினுள் அமர்ந்து தொலைக்காட்சி பார்ப்பவரே அந்த விதிகளின் பயனாளி. தொலைக்காட்சி இயங்கிய அலைவரிசைகள் 30 மெகாஹேர்ட்ஸுக்கு மேற்பட்டவையாக இருந்தன. ஆகவே வாகனத்தின் கதிர்ப்பு அளவீடும் 30 மெகாஹேர்ட்ஸிலிருந்தே ஆரம்பமானது. காரினுள் இருப்பவரது வானொலி உற்பத்தியாளரின் வியாபார விவகாரமாகக் கருதப்பட்டது. கேட்க முடியாத வானொலியுடன் காரை விற்றால் நட்டமடைவது அவர்தானே என்பதே அன்றைய தர்க்கம். வானொலியையே அகற்றிவிட்டு உற்பத்தியாளர் தப்பித்துக்கொள்ளலாம் என அன்று எவரும் நினைத்துப் பார்க்கவில்லை.

காலம் மாறியது. இலத்திரனியல் சாதனங்கள் வாகனத்தினுள் நுழைந்தபோது, குறுக்கீட்டை உண்டாக்குவதுடன் அதற்குப் பலியாவதும் வாகனமாகவே இருந்தது. பூட்டுறாத பிரேக் முறைமை அறிமுகமான ஆரம்ப வருடங்களில் ஜேர்மனியின் அதிவேக நெடுஞ்சாலையொன்றின் குறிப்பிட்ட ஒரு வளைவில் வாகனங்களின் பிரேக் கோளாறுபட்டது. அருகிலிருந்த வானொலி பரப்பியின் அலைகளே காரணம் எனக் கண்டறியப்பட்டது. உடனடித் தீர்வாக அந்த வளைவு நெடுகிலும் வீதியோரமாகக் கம்பிவலைத் திரையொன்று அமைக்கப்பட்டது. அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா 1995 இல் வெளியிட்ட தொகுப்பொன்றில் இச்சம்பவம் பதிவாகியுள்ளது. காரைத் திருத்துவதற்குப் பதிலாக வீதிக்கு வேலியடித்த இந்தத் தீர்வை இன்று நினைத்தால் சிரிப்பு வரலாம். ஆனால் விதிமுறைகள் இல்லாதவிடத்து அதிகாரிகளின் கைவசம் இருந்தது வேலி மட்டுமே.

அதே 1995 இல்தான் ஐரோப்பா தனது பணிப்புரையை விரிவுபடுத்தி, வாகனங்கள் வெளி அலைகளைத் தாங்கும் திறனையும் பரிசோதிக்க வேண்டுமெனக் கட்டாயப்படுத்தியது. 2004 ஆம் ஆண்டுப் பணிப்புரை அந்த அளவை மேலும் உயர்த்தியது. 20 மெகாஹேர்ட்ஸ் முதல் 2 கிகாஹேர்ட்ஸ் வரையான வீச்சில் பெரும்பகுதிக்கு மீற்றருக்கு 30 வோல்ட் என்ற புலத்தை வாகனம் தாங்கவேண்டும் என்பது அப்போது வந்த அளவுகோலாகும். பின்னர் ஐரோப்பிய ஒன்றியம் தனது தனியான பணிப்புரையைக் கைவிட்டு ஐ.நா.வின் 10 ஆம் இலக்க ஒழுங்குவிதியையே ஏற்றுக்கொண்டது. 1958 ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையில் இணைந்த நாடுகளில் ஒன்று வழங்கும் அங்கீகாரத்தை, இந்த விதியை ஏற்றுள்ள ஏனைய நாடுகளும் ஏற்றுக்கொள்கின்றன. ஜப்பான் 1998 இல் அதில் இணைந்தது. அமெரிக்கா இணையவில்லை.

அமெரிக்காவின் நிலைமை விசித்திரமானது. அந்நாட்டின் சமஷ்டித் தொடர்பாடல் ஆணைக்குழுவின் விதிகள், வாகனங்களில் மாத்திரம் பயன்படும் இலத்திரனியல் சாதனங்களைத் தொழில்நுட்ப எல்லைகளிலிருந்து விலக்கி வைத்துள்ளன. வாகனப் பாதுகாப்புக்குப் பொறுப்பான தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்தின் கட்டளைகளிலும் மின்காந்தத் தாங்குதிறன் பற்றிய பொதுவான பரிசோதனை இல்லை. எல்லாம் உற்பத்தியாளர்களின் சொந்தக் கட்டளைகளிலும் அவர்களது மனச்சாட்சியிலும் தங்கியுள்ளது. அந்தச் சொந்தக் கட்டளைகள் பல சந்தர்ப்பங்களில் சட்டத்தைவிடக் கடுமையானவை என்பதை நாம் மறுக்கவில்லை. பல நிறுவனங்கள் மீற்றருக்கு 100 வோல்ட்டையும் தாண்டிப் பரிசோதிக்கின்றன. ஆனால் அவை இரகசிய ஆவணங்கள். விபத்தொன்று நிகழ்ந்தபின் அவற்றைக் கேட்டுப் பெறுவதற்கு நீதிமன்றம் செல்ல வேண்டியிருக்கின்றது.

இதன் விளைவை 2009, 2010 ஆம் ஆண்டுகளில் டொயோட்டா விவகாரத்தில் உலகம் கண்டது. சாரதி எண்ணாமலே கார்கள் வேகமெடுத்தன என ஆயிரக்கணக்கில் முறைப்பாடுகள் குவிந்தன. மில்லியன் கணக்கான வாகனங்கள் திருப்பியழைக்கப்பட்டன. தரைவிரிப்பில் சிக்கும் அக்சிலரேட்டரும் மீளாமல் ஒட்டிக்கொள்ளும் மிதியும் காரணங்களாகக் காட்டப்பட்டபோதிலும், மின்காந்தக் குறுக்கீடே உண்மைக் காரணம் என்ற சந்தேகம் பொதுமக்களிடமும் காங்கிரஸிலும் வலுத்தது. வாகனப் பாதுகாப்பு நிர்வாகத்திடம் அதனை ஆராய்வதற்குப் போதிய இலத்திரனியல் நிபுணத்துவம் இருக்கவில்லை. இறுதியில் விண்கலம் அனுப்பும் நாசாவின் பொறியியலாளர்களை அழைத்து வரவேண்டியிருந்தது. மிச்சிகன் மாநிலத்திலுள்ள பரிசோதனைக் கூடமொன்றில் டொயோட்டா வாகனங்கள் மீது பல்வேறு அலைகள் பாய்ச்சப்பட்டன. 2011 பெப்ரவரியில் வெளியான அறிக்கை, ஆபத்தான வேகமெடுப்புக்கு இலத்திரனியல் கோளாறு காரணம் என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை எனக் கூறியது. சான்று கிடைக்காமையால் அவ்வாறு நிகழவே முடியாது எனக் கொள்ளலாகாது என்றும் நாசா அறிக்கை எச்சரித்திருந்தது.

இவ்விவகாரத்தில் டொயோட்டா நிரபராதியா இல்லையா என்பது எமது அக்கறையன்று. பகிரங்கமான விதியொன்றும் சுயாதீனமான பரிசோதனைப் பெறுபேறொன்றும் முன்னரே கைவசம் இருந்திருந்தால், மக்களின் பீதிக்கு ஒரு சில வாரங்களில் பதில் கூறியிருக்கலாம். நிறுவனத்தின் நற்பெயரும் அவ்வளவுதூரம் சிதைந்திருக்காது. விதிமுறை என்பது வாங்குபவருக்கு மட்டுமன்றித் தவறிழைக்காத உற்பத்தியாளருக்கும் கவசம் என்பதைக் கைத்தொழில் அதிபர்கள் ஏனோ இலகுவில் ஏற்றுக்கொள்வதில்லை. 2012 இல் அமெரிக்காவின் போக்குவரத்து ஆய்வுச் சபை வெளியிட்ட விசேட அறிக்கையும் பாதுகாப்பு நிர்வாகம் இத்துறையில் தனது அறிவைக் கட்டியெழுப்ப வேண்டுமென விதந்துரைத்தது.

அப்படியானால் ஐரோப்பாவின் வழியைப் பின்பற்றினால் போதுமா? போதாது என்றே நாம் கருதுகின்றோம். 10 ஆம் இலக்க ஒழுங்குவிதி நல்லதொரு அடித்தளம். ஆனால் அது பழைய காருக்கு அளவெடுத்துத் தைக்கப்பட்ட சட்டை. 2011 இல் மின்னேற்றம் செய்யும் நிலையிலான பரிசோதனைகள் சேர்க்கப்பட்டன. 2019 இல் ஆறாவது தொடர் திருத்தங்கள் வந்தன. அதன் பின்னரும் சட்டை பல இடங்களில் இறுக்கமாகவே இருக்கின்றது.

முதலில் கீழெல்லையை எடுத்துக்கொள்வோம். மின்சாரக் காரின் பற்றரி வழங்குவது நேரோட்ட மின்சாரம். மோட்டருக்குத் தேவை ஆடலோட்டம். இடையில் நின்று மாற்றித் தரும் இன்வேர்ட்டர் மின்னை ஒரு செக்கனுக்கு ஆயிரக்கணக்கான தடவைகள் வெட்டி ஒட்டுகின்றது. அந்த வெட்டு எவ்வளவு கூர்மையாக இருக்கின்றதோ அவ்வளவுக்கு அதன் எதிரொலிகள் உயர் அதிர்வெண்கள் வரை நீளும். ஏ.எம். ஒலிபரப்பின் 530 முதல் 1700 கிலோஹேர்ட்ஸ் வரையான பகுதி அந்த எதிரொலிகளின் பாதையிலேயே அமைந்துள்ளது. புதிய தலைமுறையான சிலிக்கன் காபைட் குறைகடத்திகள் மின் விரயத்தைக் குறைக்கின்றன. அவ்விதம் குறைப்பதற்கு அவை முன்னையவற்றைவிட வேகமாக வெட்டுகின்றன. 400 வோல்ட்டாக இருந்த பற்றரி முறைமைகளும் 800 வோல்ட்டை நோக்கி நகர்கின்றன. ஓடும் வாகனத்தின் கதிர்ப்பை 30 மெகாஹேர்ட்ஸிலிருந்து மட்டுமே அளக்கும் விதிக்கு இவை எதுவும் கண்ணில் படுவதில்லை. எல்லாப் பரிசோதனைகளிலும் சித்தியெய்திய காரில் ஏ.எம். வானொலி இரைவது இதனாலேயே.

அளக்கும் முறை தெரியாமல் இந்த இடைவெளி நிலவவில்லை. மின்சார வாகனங்களுக்கென 150 கிலோஹேர்ட்ஸ் முதல் 30 மெகாஹேர்ட்ஸ் வரையான காந்தப்புலத்தை மூன்று மீற்றர் தூரத்தில் அளக்கும் சிஸ்பர் 36 என்ற கட்டளை 2020 ஆம் ஆண்டிலேயே வெளிவந்துவிட்டது. சீனா அதற்கும் முன்னரே இவ்வீச்சுக்குத் தேசியக் கட்டளை வகுத்திருந்தது. கனடாவும் வாகனங்களின் வானொலி இரைச்சலுக்குத் தனியான கட்டாயக் கட்டளையொன்றைக் கொண்டுள்ளது. இருப்பதை எடுத்துச் சட்டமாக்குவதற்குத் தேவைப்படுவது அரசியல் விருப்பமேயன்றிப் புதிய விஞ்ஞானமன்று.

மேலெல்லையும் இவ்வாறே. தாங்குதிறன் பரிசோதனையின் எல்லை ஆறாவது தொடர் திருத்தத்திலும் 2 கிகாஹேர்ட்ஸாகவே இருந்தது. வைஃபை இயங்குவது 2.4, 5 கிகாஹேர்ட்ஸ்களில். ஐந்தாம் தலைமுறைக் கைத்தொலைபேசிச் சேவை பல நாடுகளில் 3.5 கிகாஹேர்ட்ஸ் அளவில் இயங்குகின்றது. இக்கருவிகள் சாரதியின் சட்டைப் பையிலும் காரின் கூரையிலும் இருக்கின்றன. இவ்வெல்லையை உயர்த்துவது குறித்து ஜெனீவாவில் நிபுணர்கள் ஆராய்ந்து வந்துள்ளனர். அவ்வாறான திருத்தங்கள் ஏற்கப்படுவதற்கும் விற்பனைக்கு வரும் வாகனங்கள் யாவற்றையும் கட்டுப்படுத்துவதற்கும் இடையில் பல வருட இடைக்காலம் வழங்கப்படுவது வழமை. அதற்குள் கைத்தொலைபேசித் துறை இன்னொரு தலைமுறையைத் தாண்டிவிடும்.

மீற்றருக்கு 30 வோல்ட் என்பது எவ்வளவு என்பதையும் வாசகர்கள் அறிந்திருப்பது நல்லது. 5 வோட் வலுவுள்ள கையடக்கத் தொடர்பாடல் கருவியொன்றை அரை மீற்றர் தூரத்தில் வைத்துப் பேசினால் ஏறத்தாழ அதேயளவு புலம் தோன்றும் என்பது எளிய பௌதிகக் கணக்கு. பொலிஸாரும் பாதுகாவலர்களும் அவ்வாறான கருவிகளைக் காரின் ஆசனத்தில் வைத்துத்தான் பேசுகின்றனர். விதியின் அளவு கற்பனைக்கெட்டாத உயர் எல்லையன்று, அன்றாட வாழ்வின் விளிம்பு. வாகனத்தில் வானொலி பரப்பிகளைப் பொருத்துவது குறித்து ஒழுங்குவிதி கேட்பதெல்லாம், எந்த அதிர்வெண்ணில், எவ்வளவு வலுவுடன், எவ்விடத்தில் பொருத்தலாம் என்ற உற்பத்தியாளரின் எழுத்துமூல அறிக்கையையே. அந்தக் கடதாசியைப் பார்த்துவிட்டு எந்தக் கராஜ்காரர் அன்ரெனா பூட்டுகின்றார்?

ஆனால் எண்களைக் காட்டிலும் பரிசோதனை செய்யப்படும் விதமே எம்மை அதிகம் சிந்திக்க வைக்கின்றது. கரி கலந்த நுரைக் கூம்புகளால் சுவர்கள் மூடப்பட்ட, வெளி அலை எதுவும் புகாத பாரிய உலோக அறையொன்றில் கார் உருளைகளின் மீது ஏற்றப்படுகின்றது. சில்லுகள் சுழல்கின்றன, கார் நகர்வதில்லை. அலை பாய்ச்சப்படும்போது மனிதர் உள்ளே இருக்க முடியாதென்பதால், அக்சிலரேட்டரை இயந்திரக் கரம் அழுத்துகின்றது. கமெராக்கள் வேகமானியையும் விளக்குகளையும் கண்காணிக்கின்றன. அடிப்படை நிலை மணிக்கு 50 கிலோமீற்றர் சீரான வேகம். பிரேக் பிடிக்கும் பரிசோதனை தனியாக நடத்தப்படுகின்றது. அதிர்வெண்ணைப் படிப்படியாக உயர்த்திக்கொண்டு செல்கையில் கார் தானாக வேகம் மாறுகின்றதா, விளக்கு அணைகின்றதா, காற்றுப் பை விரிகின்றதா எனக் குறித்துக்கொள்கின்றனர். இயந்திரமும் கியர்பெட்டியும் கொண்ட காருக்கு இது நேர்மையான பரீட்சை.

இன்றைய கார் வேறு வகையானது. முன்னால் செல்லும் வாகனத்தை 77 கிகாஹேர்ட்ஸ் அளவில் இயங்கும் ரேடாரால் அளந்து வேகத்தை மாற்றுகின்றது. வெள்ளைக் கோட்டைக் கமெராவால் பார்த்துச் சுக்கானைத் திருப்புகின்றது. நடைபாதையிலிருந்து சிறுவன் பாய்ந்தால் சாரதியை முந்திக்கொண்டு பிரேக் பிடிக்கின்றது. நுரைக்கூம்புகள் நிறைந்த வெற்றறையில் முன்னால் வாகனமும் இல்லை, வெள்ளைக் கோடும் இல்லை, சிறுவனும் இல்லை. எனவே மேற்படி முறைமைகள் இயங்காமலே, அல்லது ஏதும் நிகழாத நிலையில், பரிசோதனை முடிந்துவிடும் ஆபத்து உண்டு. பொய் இலக்குகளை ரேடாருக்குக் காட்டியும் கமெராவின் முன் திரைப்படம் ஓட்டியும் இக்குறையை நிரப்புவதற்கான முறைகள் பெரிய உற்பத்தியாளர்களின் கூடங்களில் உள்ளன. அவை எந்த அளவுக்குக் கட்டாயமாக்கப்பட வேண்டும் என்பதே இன்று விதிமுறை வகுப்போர் தீர்க்க வேண்டிய வினா. ஒரு முறைமை தவறாக இயங்குவதை மாத்திரமன்றி, இயங்க வேண்டிய வேளையில் இயங்காமற் போவதையும் தோல்வியாகக் கணிக்கும் அளவுகோல் வேண்டும்.

கைத்தொழில் தரப்பினரின் வாதத்தையும் நாம் தட்டிக்கழிக்க முடியாது. உயர் வோல்ட்டளவு வடங்களுக்கு உலோக உறை, வடிகட்டிகள், மோட்டர் தண்டுக்குப் புவித்தொடுப்பு ஆகிய யாவும் செலவையும் நிறையையும் கூட்டுகின்றன. நிறை கூடினால் ஒரு மின்னேற்றத்தில் ஓடக்கூடிய தூரம் குறையும். வானொலியைக் கேட்போர் அருகிவரும் காலத்தில் இதற்கு ஏன் பணம் செலவிட வேண்டும், அவசர அறிவித்தலைக் கைத்தொலைபேசி தருமே என்கின்றனர். இவ்வாதத்தில் ஒரு பகுதி நியாயம் உண்டு. ஆனால் மேற்சொன்ன எட்டு நிறுவனங்களும் தவிர்த்துக்கொண்ட அதே செலவை ஏற்று, மின்சாரக் கார்களில் ஏ.எம். வானொலியைத் தொடர்ந்து வழங்கிய நிறுவனங்களும் அதே சந்தையில் இருந்தன. ஆகவே இது முடியாத காரியமன்று. தவிர, மின்சாரக் காரின் இரைச்சல் அதன் சொந்த வானொலியுடன் நிற்பதில்லை. நெரிசல் மிக்க வீதியில் நூறு கார்கள் அருகருகே நிற்கும்போது குழம்புவது எது என்பதை ஒற்றைக் காரை வெற்றறையில் வைத்து அறிய முடியாது.

மற்றுமொரு குறைபாடு ஐரோப்பா, அமெரிக்கா என்ற பேதமின்றி எல்லா இடத்துக்கும் பொதுவானது. பரிசோதிக்கப்படுவது மாதிரி வகையொன்றின் புத்தம்புதிய பிரதி. அந்தக் கார் 15 வருடங்கள் ஓடும். புவித்தொடுப்பு இணைப்பில் துரு ஏறும். விபத்தின்பின் வடத்தின் உலோக உறை சரியாக மூடப்படாமல் விடப்படும். மென்பொருள் இரவோடிரவாக இணையத்தின் ஊடாக மாற்றப்பட்டு, இன்வேர்ட்டரின் வெட்டும் வேகமே வேறாகிவிடக்கூடும். புகையை ஆண்டுதோறும் பரிசோதிக்கும் நாடுகளில்கூட இந்த இன்னொரு கழிவை எவரும் திரும்பப் பார்ப்பதில்லை.

இங்குதான் எமது நாட்டைப் பற்றிச் சில வார்த்தைகள் கூற வேண்டியுள்ளது. இலங்கை கார் உற்பத்தி செய்யும் நாடன்று. ஜெனீவாவில் எழுதப்படும் விதியின் ஒரு சொல்லையும் எம்மால் மாற்றிவிட முடியாது. ஆனால் ஜப்பானில் பாவிக்கப்பட்ட வாகனங்கள் தமது இரண்டாவது வாழ்வை ஆரம்பிக்கும் நாடுகளில் இதுவும் ஒன்று. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் மீளத் திறக்கப்பட்டதன் பின்னர், கலப்பு இயக்க வாகனங்களுடன் சீனத் தயாரிப்பான மின்சாரக் கார்களும் கணிசமாக வந்திறங்கியுள்ளன. இந்த வாகனங்களில் நாம் செய்யும் முதல் வேலை என்ன? ஜப்பானியப் பண்பலை 76 மெகாஹேர்ட்ஸில் ஆரம்பிப்பது, எமது பண்பலை 88 முதல் 108 வரையானது. ஆகவே அலைவரிசையை மாற்றித் தரும் சிறிய பெட்டியொன்றை அன்ரெனாக் கம்பியின் நடுவே செருகுகின்றோம். பின்னர் வீதியோரக் கடையில் வாங்கிய எல்.ஈ.டி. முகப்பு விளக்கு, கைத்தொலைபேசி சார்ஜர், பின்புறக் கமெரா என ஒவ்வொன்றாக ஏறுகின்றன. எமது அலுவலக வாகனத்தில் நாள் முழுவதும் இரைந்துகொண்டிருந்த வானொலி, சிகரெட் லைற்றர் துவாரத்திலிருந்து மலிவு சார்ஜரைப் பிடுங்கியதும் செய்தியைத் தெளிவாக வாசித்தது. இரைச்சல் காதில் விழுந்ததால் கண்டுபிடித்தோம். காதில் விழாத ஏனைய சாதனங்களில் அந்தச் சார்ஜர் என்ன செய்துகொண்டிருந்தது என்பதை அறிய எமக்கு வழியில்லை.

2008 ஆம் ஆண்டு முதல் எமது வாகனங்கள் வருடாந்தம் புகைப் பரிசோதனைக்கு உட்படுகின்றன. அதுபோல மின்காந்தப் பரிசோதனைக் கூடங்களை நாடெங்கிலும் அமைக்குமாறு கோருவது நடைமுறைக்கு ஒவ்வாதது. அவ்வாறான கூடமொன்றின் விலையே பல பொது வைத்தியசாலை வாட்டுகளைக் கட்டப் போதுமானது. செய்யக்கூடியவை எளியவை. இறக்குமதியாகும் வாகனத்தின் ஆவணங்களில் அதன் வகைக்கு 10 ஆம் இலக்க ஒழுங்குவிதியின் கீழான அங்கீகாரமோ அதற்கு நிகரான தேசியச் சான்றோ உள்ளதா எனக் கேட்கலாம். இந்தியா இவ்விதியைத் தழுவித் தனது கட்டளையை வகுத்துள்ளது. சீனாவிலும் 2017 ஆம் ஆண்டின் ஜி.பி. 34660 என்ற கட்டாயக் கட்டளை உண்டு. எமக்கு வாகனம் விற்கும் மூன்று பெரிய நாடுகளிலும் இவ்வாறான சான்று ஏதோவொரு வடிவில் இருக்கின்றது. கேட்டால் தருவார்கள். கேளாவிட்டால், அத்தகைய சான்றைக் கேட்காத சந்தைக்கென மலிவாகத் தயாரிக்கப்பட்ட பதிப்பு எமக்கு வந்து சேரவும் கூடும்.

வாகனத்தில் பின்னர் பூட்டப்படும் சாதனங்களே உண்மையில் அவசரமானவை. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களமும் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவும் இலங்கைக் கட்டளைகள் நிறுவனமும் இதனை ஒன்றையொன்று பார்த்துக் கைகாட்டாமல் கூடிப் பேச வேண்டும். ஐ.நா. விதியின் கீழ் அங்கீகரிக்கப்பட்ட சாதனத்தின் உடலில், வட்டத்துக்குள் ஈ என்ற ஆங்கில எழுத்தும் அங்கீகாரம் வழங்கிய நாட்டின் இலக்கமும் பொறிக்கப்பட்டிருக்கும். ஜேர்மனிக்கு 1, ஜப்பானுக்கு 43. அதனருகே 10 என்ற எண்ணும் ஆர் என்ற எழுத்தும் இருந்தால் அது மின்காந்த விதியின்படி பரிசோதிக்கப்பட்டது என்பது பொருள். கொழும்புத் துறைமுகத்தில் கொள்கலன் திறக்கும் சுங்க அதிகாரிக்கு இதனைப் பார்ப்பதற்கு ஆய்வுகூடம் தேவையில்லை, ஒரு கைவிளக்கு போதும். பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகம் வாங்கும் வாகன உரிமையாளரும் அதே குறியைத் தேடிப் பார்க்கலாம்.